விருதும் இல்லை, இலவசமும் இல்லை: 'மைல் டிக்கெட்'

"உங்கள் விருதுப் பயணச்சீட்டை இப்போதே மீட்டெடுங்கள்." ஒரு வங்கிச் செயலியின் தமிழ்ப் பக்கத்தில் வரும் வரி இது. கொஞ்ச நாளாக இதே சொற்கள் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் என்று எல்லா வழியிலும் வந்து விழுகின்றன. கும்பகோணத்தில் உட்கார்ந்து இதைப் படிப்பவருக்கு என்ன புரியும்? யாருக்கோ விருது கிடைத்தது, அதை எங்கேயோ அடகு வைத்துவிட்டார்கள், இப்போது வட்டியோடு போய் மீட்க வேண்டும். ஐந்து சொல்லில் இரண்டு பிழை.

சொல்ல வந்த பொருள் எளிது. விமானத்தில் பறந்தும் கிரெடிட் கார்டில் செலவழித்தும் சேர்த்த மைல்களைக் கொடுத்து எடுக்கும் டிக்கெட். ஆங்கிலத்தில் அதற்கு 'அவார்டு டிக்கெட்' என்று பெயர். அந்த 'அவார்டு'தான் தமிழில் 'விருது' ஆகியிருக்கிறது.

முதலில் 'மைல்'. லத்தீனில் 'மில்லே பாஸ்ஸுஸ்', அதாவது ஆயிரம் தப்படி. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் 'ஏஅட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியபோது பறந்த தூரம்தான் கணக்கு. இன்று பல திட்டங்களில் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசுதான் கணக்கு. தூரம் போய்விட்டது, பெயர் நிற்கிறது. அதனால் 'தொலைவுப் புள்ளி' என்ற ஆக்கம் இல்லாத பொருளைச் சொல்கிறது. 'மைல்' நம்மிடம் 'மைல்கல்' என்று கல்லோடு ஒட்டியே தமிழாகிவிட்டது. 'நாலு கல் தொலைவு' என்ற பழைய வழக்கைப் பிடித்துக்கொண்டு 'வான்கல்' என்று ஆக்கப் புறப்பட்டால், வானத்திலிருந்து விழும் கல் என்றுதான் படிப்பார்கள். மைலை மைலாகவே விடலாம்.

இனி 'அவார்டு'. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். கவனித்துப் பார்த்து முடிவு சொல்வது என்பது அதன் முதற்பொருள். நடுவர் இன்னாருக்கு இவ்வளவு என்று பகுத்துக் கொடுப்பது அவார்டு. பரிசு என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. இதற்கு டெல்டாக்காரர்களுக்கு அகராதி வேண்டியதில்லை. காவிரி நடுவர் மன்றத்தின் 'ஃபைனல் அவார்டு' 2007 பிப்ரவரி 5 அன்று வந்தது. தமிழகத்துக்கு 419 டிஎம்சி, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. மறுநாள் எந்தத் தமிழ்ப் பத்திரிகையாவது 'காவிரி விருது' என்று தலைப்புப் போட்டிருக்குமா? 'இறுதித் தீர்ப்பு' என்பதுதான் வழக்கு. ஒரே ஆங்கிலச் சொல் இடத்துக்கு இடம் பொருள் மாறும் என்று அப்போது தெரிந்திருந்தது. விமானம் ஏறும்போது மட்டும் ஏன் மறந்துபோகிறது?

தமிழில் 'விருது' என்ன? அடையாளச் சின்னம், பட்டம். வடமொழியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இதன் உறவுச் சொற்கள் உண்டு. யார் யாருக்குக் கொடுத்தது என்ற வழக்கு இங்கே வேண்டாம். இராசராசன் 'மும்முடிச்சோழன்', அவன் மகன் 'கங்கைகொண்டான்'. இவை விருதுப்பெயர்கள். விருது என்றால் ஒருவருடைய தகுதியைப் பார்த்து இன்னொருவர் மனமுவந்து கொடுப்பது. மைல் டிக்கெட்டை யாரும் யாருக்கும் உவந்து கொடுப்பதில்லை. உங்கள் கணக்கில் இருப்பதை எண்ணி எடுத்துக்கொண்டு ஓர் இருக்கை தருகிறார்கள். விலை கொடுத்து விருது வாங்கும் வழக்கமும் நாட்டில் உண்டுதான்; ஆனால் வாங்கியவர் அதை வெளியே சொல்வதில்லை.

'விருது'க்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் வழக்கமாக இரண்டு காரணம் சொல்வார்கள். முதலாவது, 'ரிவார்டு' என்பதை 'வெகுமதி' என்கிறோமே, அவார்டும் அதன் உடன்பிறப்புதானே என்பது. வெகுமதி சேர்க்கும் இடத்தில் பொருந்தும். நீங்கள் பறந்தீர்கள், மகிழ்ந்து ஆயிரம் மைல் தந்தார்கள், சரி. செலவழிக்கும் இடத்தில் எப்படிப் பொருந்தும்? கடையில் இனாமாகக் கொடுத்த ஐம்பது ரூபாய்க் கூப்பனைக் கொடுத்துச் சர்க்கரை வாங்கினால் அது வெகுமதிச் சர்க்கரையா? இரண்டாவது, பழகிவிடும் என்பது. பழகத்தான் செய்யும். ஊரில் 'விருதா' என்றும் ஒரு சொல் பழகியிருக்கிறது. வீண் என்று பொருள். 'விருதாப் பயணம்' என்பதற்கும் 'விருதுப் பயணம்' என்பதற்கும் ஒரு காலளவுதான் இடைவெளி.

காதுக்கு ஒவ்வாதது என்பதோடு நின்றால் இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. தப்பான சொல் தப்பான காரியத்தைச் செய்யவைக்கிறது. விருது என்றால் அவர்களாக அறிவிப்பார்கள் என்று காத்திருப்போம். இங்கே காத்திருந்தால் ஒன்றும் கிடைக்காது. ஒரு விமான நிறுவனம் பிற நிறுவனங்களின் மைலுக்கென்று சில இருக்கைகளை மட்டும் தனிப் பதிவு வகுப்பில் திறந்துவைக்கும்; அந்த வகுப்பை ஓர் ஆங்கில எழுத்தால் குறிப்பார்கள். ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் பிசினஸ் கிளாஸுக்கு அந்த எழுத்து 'ஐ', எகானமிக்கு 'எக்ஸ்'. ஒன்வேர்ல்டு என்ற இன்னொரு கூட்டணியில் பிசினஸுக்கு 'யூ'. 'ஐ' பூஜ்யம் என்றால், காசுக்குப் பாதி விமானம் காலியாகக் கிடந்தாலும் உங்கள் மைலுக்கு இடமில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் நெடுந்தூர விமானங்களின் பிசினஸ், முதல் வகுப்பு இருக்கைகளைப் பெரும்பாலும் தன் மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையரின் உறுப்பினர்களுக்கே வைத்துக்கொள்ளும். நாகப்பட்டினத்து மீன் ஏலம் போலத்தான்: விடியலில் நிற்பவருக்குக் கிடைக்கும். பயண நாளுக்கு ஏறக்குறைய 11 மாதம் முன்பே பல நிறுவனங்கள் இருக்கையைத் திறக்கும். சிங்கப்பூர் 355 நாள் முன்பு, அமெரிக்கன் 331 நாள் முன்பு. அதைத் தவறவிட்டால், விற்காமல் மிஞ்சியதைக் கடைசி இரண்டு வாரத்தில் சிலர் திறந்துவிடுவார்கள்.

அடுத்தது 'மீட்டெடு'. 'ரிடீம்' என்பதற்கு லத்தீனில் திரும்ப வாங்குவது என்று பொருள், உண்மைதான். அந்த வேரை அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் கூப்பனையும் புள்ளியையும் பற்றிப் பேசும்போது ஆங்கிலத்திலேயே அந்தத் 'திரும்ப' எப்போதோ உதிர்ந்துவிட்டது. கொடுத்துப் பொருள் பெறுவது மட்டும்தான் மிச்சம். தமிழில் 'மீட்பு' இன்னும் உயிரோடு இருக்கிறது. குறுவை நடவுக்கு வைத்த சங்கிலியைச் சம்பா அறுத்த கையோடு மீட்பார்கள். பேச்சில் 'நகையைத் திருப்பணும்' என்பார்கள். கொடுத்தது கைக்குத் திரும்ப வந்தால்தான் மீட்பு. மைலில் டிக்கெட் எடுக்கும்போது மைல் போகிறது, திரும்பவில்லை.

மைல் உலகத்தில் உண்மையான மீட்பு ஒன்று இருக்கிறது, சிக்கலே அங்கேதான். டிக்கெட்டை ரத்துசெய்தால், கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மைலை மறுபடி கணக்கில் வைப்பார்கள். அதற்கு என்ன பெயர் வைப்பது? ஒரு செயலியில் இரண்டுக்கும் 'மீட்பு' என்றே இருக்கிறது. 'மைல்களை மீட்கவும்' என்ற பொத்தானைத் தட்டினால் டிக்கெட் வருமா, டிக்கெட் போகுமா? போன மைல் முழுதாகத் திரும்பும் என்பதற்கும் உறுதியில்லை. கிரிஸ்ஃபிளையர் மைலுக்கு ஆயுள் 3 ஆண்டு. இடையில் ஆயுள் முடிந்த மைலைச் சில திட்டங்கள் ரத்துசெய்த பிறகு திருப்பித் தருவதே இல்லை. இந்த இடத்தில் சொல் குழம்பினால் மைலே போகும்.

நெல் மண்டிக் கணக்குப்பிள்ளைக்கு இந்தக் குழப்பம் வந்திருக்காது. வந்தால் வரவு, போனால் பற்று. மைல் வரவு, மைல் பற்று, ரத்தானால் மறுவரவு. அவ்வளவுதான். வினையாகச் சொல்ல வேண்டுமா, 'செலவிடு' இருக்கிறது. அதைவிட நல்லது ஊர்ப்பேச்சில் இருக்கிறது: "டிக்கெட் போட்டாச்சா?" "போட்டாச்சு, மைல்ல போட்டேன்." இதைக் கேட்டு எவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. 'மைலில் போட்ட டிக்கெட்', சுருக்கினால் 'மைல் டிக்கெட்'. எழுத்தில் விறைப்பு வேண்டுமென்றால் 'மைல் பயணச்சீட்டு'. வெறும் 'மைல் சீட்டு' வேண்டாம். தஞ்சாவூரில் சீட்டு என்றால் மாதாமாதம் கட்டி ஏலம் எடுப்பது.

'இலவச டிக்கெட்' என்று எழுதும் பத்திரிகைகளுக்கும் ஒரு வார்த்தை. வரியும் விமான நிலையக் கட்டணமும் பெரும்பாலும் உங்கள் பையிலிருந்துதான் போகும். சில திட்டங்களில் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேரும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களுக்கான மைல் டிக்கெட்டில் அதை 2017இல் நீக்கியது. அதே மைலில் வேறு நிறுவன விமானம் எடுத்தால் கேட்கக்கூடும். காசு டிக்கெட் விலையிலிருந்து கையிலிருந்து கட்டும் இந்தக் காசைக் கழித்து, மைலால் வகுத்துப் பாருங்கள். கணக்குக்காக: காசுக்கு 1,80,000 ரூபாய், வரி வகையில் 24,000, மைல் 78,000 என்றால் ஒரு மைல் 2 ரூபாய்க்குப் போகிறது. உங்கள் கார்டுப் புள்ளி வேறு இடத்தில் இதைவிடக் கூடப் போகுமென்றால் மைலைத் தொடாதீர்கள்.

'பார்ட்னர் கேரியர்' என்பதைப் 'பங்குதாரர் கேரியர்' என்று எழுதியிருந்ததைப் படித்தால் இரண்டு பேர் பங்குபோட்டு வாங்கிய டிபன் கேரியர்தான் நினைவுக்கு வருகிறது. பங்குதாரர் என்றால் முதல் போட்டவர். இங்கே முதல் இல்லை, உடன்பாடுதான். 'கூட்டணி நிறுவனம்' பாதிதான் சரி. ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்டு, ஸ்கைடீம் ஆகியவை கூட்டணிகள். எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை; ஆனாலும் ஏர் கனடாவின் ஏரோபிளான் புள்ளியில் எமிரேட்ஸ் டிக்கெட் போடலாம். அரசியல் நமக்கு ஒரு நல்ல சொல்லைப் பழக்கிவைத்திருக்கிறது: தோழமைக் கட்சி. 'தோழமை நிறுவனம்' என்றால் கூட்டணிக்குள் இருப்பவர், வெளியே நின்று கைகொடுப்பவர் இருவரும் அடங்குவர்.

இந்த வேறுபாடு திருச்சியில் காசாக உறைக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஸ்டார் அலையன்ஸில் உண்டு. திருச்சிக்கு வரும் அதன் பிள்ளை ஸ்கூட் அதில் இல்லை. ஏர் இந்தியா உண்டு. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் இல்லை. கொழும்புக்குப் போகும் ஸ்ரீலங்கன் ஒன்வேர்ல்டு. எனவே டெல்டாக்காரரின் பிசினஸ் கிளாஸ் மைல் டிக்கெட் பெரும்பாலும் சென்னையில்தான் தொடங்கும். தஞ்சாவூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் போய்ச் சேர்வது உங்கள் பாடு. ரயில் தாமதமானால் விமான நிறுவனம் பொறுப்பேற்காது. முதல் நாளே போய்விடுங்கள்.

'பிரீமியம் கேபின்' எங்கோ 'உயர்தர அறை' ஆகியிருந்தது. லாட்ஜில் கேட்க வேண்டியது. 'பிசினஸ் கிளாஸ்' என்பதை 'வணிக வகுப்பு' என்றால் பிளஸ் ஒன் காமர்ஸ் குரூப். இதையும் வழக்கப்படி விடலாம். பெயரைவிட முக்கியம், இரண்டு விமானம் மாறும் பயணத்தில் ஒவ்வொரு கட்டத்தின் வகுப்பையும் தனித்தனியே பார்ப்பது. மேலே பிசினஸ் என்று காட்டும். உள்ளே திறந்தால் ஒன்பது மணி நேரப் பறப்பு எகானமியில், ஒன்றரை மணி நேரம் மட்டும் பிசினஸில் இருக்கும். மைல் மட்டும் முழு பிசினஸுக்கு.

கடைசியாக, மொழிபெயர்ப்பாளர்கள் 'புக்கிங்', 'டிக்கெட்டிங்' இரண்டையும் 'முன்பதிவு' என்று ஒரே மூட்டையில் கட்டுவது. தோழமை விமானத்தில் இவை இரண்டு வேறு நிகழ்வுகள். முதலில், திரையில் தெரியும் இருக்கை சில நேரம் வெறும் தோற்றம். மைல் திட்டத்தின் பக்கத்தில் இருக்கும், பறக்கும் நிறுவனத்திடம் இருக்காது. அதே கூட்டணியின் இன்னொரு நிறுவனப் பக்கத்திலும் அதே நாளைத் தேடி, அங்கேயும் தெரிந்தால் மட்டும் கார்டுப் புள்ளியை மைலாக மாற்றுங்கள், மாற்றினால் திரும்பாது. பிறகு, மைலை எடுத்துக்கொண்ட நிறுவனம் ஓர் ஆறெழுத்து பிஎன்ஆர் தரும். பறக்கும் நிறுவனத்தில் வேறு பிஎன்ஆர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கினால்தான் அவர்கள் பக்கத்தில் இருக்கை தேர்ந்தெடுக்க முடியும். இரண்டு பிஎன்ஆர் கையில் இருந்தும் டிக்கெட் இல்லாமல் போகலாம். 13 இலக்க எண் வந்திருக்கிறதா பாருங்கள். முதல் மூன்று இலக்கம் டிக்கெட் அச்சிட்டவரைச் சொல்லும்: சிங்கப்பூர் 618, ஏர் இந்தியா 098, லுஃப்தான்சா 220. லுஃப்தான்சா விமானத்தில் போகிறீர்கள், எண் 618இல் தொடங்குகிறது என்றால், நேரம் மாறினாலும் ரத்தானாலும் நீங்கள் முதலில் அழைக்க வேண்டியது சிங்கப்பூரை. பதிவு இருந்து இந்த எண் இல்லையென்றால் அது வெறும் பதிவு. விமான நிலையத்தில் "பேர் இருக்கு, டிக்கெட் இல்லை" என்பார்கள்.

பேர் என்றதும் இன்னொன்று. தமிழ்ப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் நிற்கும். மன்னார்குடிக்காரருக்குக் குடும்பப் பெயர் ஏது? சிலர் ஊர்ப்பெயரை எழுதுகிறார்கள், சிலர் ஒற்றை எழுத்துத் தலைப்பை. பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டத்தில் என்ன இருக்கிறதோ, அப்பா பெயரே ஆனாலும், அதை அப்படியே எழுத வேண்டும். 'பாஸ்போர்ட்டின் பின்பெயர்' என்று கட்டத்துக்குப் பெயர் வைத்திருந்தால் பாதிப் பேர் தப்பியிருப்பார்கள். பழைய மைல் கணக்கு தலைப்பெழுத்தோடு இருந்தால், மைலைத் தொடும் முன் அதைத் திருத்திவிடுங்கள். தோழமை விமான டிக்கெட்டில் பின்னால் பெயரை மாற்றுவது பெரும்பாலும் நடக்காது. ரத்துசெய்து மறுபடி போட வேண்டியிருக்கும், அதற்குள் அந்த ஓர் 'ஐ' இருக்கை இன்னொருவர் பெயரில் போயிருக்கும்.