தூளியில் தூங்கும் பிள்ளை பாயில் ஏன் விழிக்கிறது?

"தூளில போட்டா தூங்குறான், கீழ போட்டா உடனே முழிச்சுக்கிறான் டாக்டர்." தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் அடிக்கடி சொல்வது இது. இதில் பிள்ளையிடம் கோளாறு எதுவும் இல்லை. கைக்குழந்தையின் தூக்கம் ஏறக்குறைய 50 நிமிடத்துக்கு ஒருமுறை லேசாகும், அரைக்கண் திறக்கும். கண் மூடும்போது இருந்த ஆட்டம் இப்போது இல்லை. அதைத் தேடித்தான் அழுகிறது.

ஆகவே, தூங்கிய பிறகு ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். தூங்குவதற்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். கண் சொக்கி, மூடிய விரல்கள் தளரும் நேரத்தில் ஆட்டத்தைக் குறைத்து, பிள்ளையைப் பாய்க்கு மாற்றுங்கள். முதலில் பிட்டம், பிறகு முதுகு, கடைசியாகத் தலை. தலை முதலில் தாழ்ந்தால் விழுவதுபோல் உணர்ந்து, கைகளை விரித்துத் தூக்கிப்போட்டு அழும். நான்கைந்து மாதம் வரை இந்த அனிச்சைச் செயல் இருக்கும். கிடத்தியதும் உங்கள் உள்ளங்கையை அதன் மார்பில் ஒரு நிமிடம் வைத்திருங்கள். சிணுங்கினால் உடனே தூக்காமல், தட்டிக்கொடுத்துப் பாருங்கள். முதல் சில நாள் பொறுமை வேண்டும்.

மூன்று மாதம் ஆனபின் முயல வேண்டியது இது. அதற்கு முன் பகல் இரவு வித்தியாசமே பிள்ளைக்குத் தெரியாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு எழுவதுதான் இயல்பு. ராகிக்கூழ் கொடுத்தால் விடியவிடியத் தூங்கும் என்று யாராவது சொன்னால், ஆறு மாதம் முடியும்வரை காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இரவைக் கெடுப்பது பல வீடுகளில் பகல்தான். எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றிய பிள்ளை மத்தியானம் நான்கு மணி நேரம் அசையாமல் தூங்கும். பாட்டிக்கு அதில் பெருமை. பகலில் குடிக்காத பாலையெல்லாம் ராத்திரி அம்மாவிடம் வாங்கிக்கொள்ளும். பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பிப் பால் கொடுங்கள். பகல் தூக்கத்துக்கு ஜன்னலைச் சாத்தி இருட்டாக்க வேண்டியதில்லை. இரவில் பால் கொடுக்கும்போது டியூப்லைட் போட வேண்டாம், கொஞ்சவும் வேண்டாம். குளித்தபின் காட்டும் சாம்பிராணிப் புகை மூச்சுக்குழலை உறுத்தி மூக்கை அடைக்கும். மூக்கடைத்த பிள்ளைக்கு ஏது தூக்கம்?

தூளியை அடியோடு விடச் சொல்லவில்லை. ஆனால் அதில் உடம்பு வளைந்து, தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சுப் பாதை குறுகும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் பச்சைக்குழந்தைக்கும் இது நிஜமான ஆபத்து. நைலான் புடவையில் முடிச்சு நழுவும். பழைய பருத்திப் புடவைதான் வேண்டும், அதிலும் கிழிசல் பார்க்க வேண்டும். தூளியின் அடி தரைக்குச் சற்று மேலே இருந்தால் போதும். மேலே கம்பு வைத்துத் துணியை விரித்தால் முகத்தை மூடாது. குப்புற விழ முயலத் தொடங்கிய பிள்ளைக்குத் தூளி வேண்டாம். பெரிய பிள்ளைகள் அதில் முறுக்கி ஆடிக் கழுத்து இறுகும் விபத்துகள் நடக்கின்றன. பிள்ளை இல்லாதபோது சுருட்டி மேலே போட்டுவிடுங்கள்.

இரவில் மல்லாந்த படுக்கை, கோரைப்பாயில் இறுக்கமாக விரித்த துணி, தலையணை இல்லை. இலவம்பஞ்சு மெத்தையில் முகம் புதையும். குடித்திருப்பவர் பக்கத்தில் பிள்ளையைக் கிடத்தவே கூடாது. சம்பா வயலில் தண்ணீர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் கொசுவலை. ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். சித்திரைப் புழுக்கத்தில் ஒரே ஒரு பருத்திச் சட்டை போதும், மின்விசிறி ஓடலாம். பிடரி வியர்த்திருந்தால் உடுப்பு அதிகம்.

இனி உரைமருந்து. வசம்புக்கு 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர் வைத்தவர்கள் நாம். ஆனாலும் வசம்பையும் ஜாதிக்காயையும் கல்லில் எத்தனை சுற்று உரைத்தால் எவ்வளவு இறங்கும் என்று அளக்க வழியில்லை. ஜாதிக்காய் கூடினால் வருவது மயக்கம், தூக்கமல்ல. சளி மருந்தைத் தூக்கத்துக்காகக் கொடுப்பதும் அப்படியே. பாலுக்கு எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, நாளில் ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் போனாலோ, மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். உரைமருந்து கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தக் கிண்ணத்தையும் கையோடு எடுத்துவாருங்கள்.