ஒட்டகத்தின் மூக்கில் தங்கும் ஈரம்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காலையில் காயப்போட்ட துண்டு, சிங்கப்பூரில் பல நாள் மாலையிலும் நசநசவென்றே இருக்கும். டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்துடன் ராஜஸ்தானின் ஜெய்சால்மருக்குச் சென்றபோது, அதே துண்டு மதிய வெயிலில் அரை மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிட்டது. சிங்கப்பூர்க் காற்றின் சராசரி ஈரப்பதம் சுமார் 82 விழுக்காடு என்பதால், இங்கே நீர் மெதுவாகத்தான் ஆவியாகிறது. தார்ப் பாலைவனத்தின் வறண்ட காற்றோ துணியிலிருந்தும் மண்பானையிலிருந்தும் உயிர்களின் மூச்சிலிருந்தும் நீரை ஓயாமல் எடுத்துக்கொள்கிறது.

ஜெய்சால்மரை அடுத்த சாம் மணல்மேடுகளில் விடியற்காலைக் குளிரில் எங்கள் மூச்சு வெண்புகையாக வெளிவந்தது. நாம் இழக்கும் நீர்தான் அது. அருகில் படுத்திருந்த ஒட்டகத்தின் நாசித்துளைகள் மெல்லிய கீற்றுகளாய்ச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தன. ஒட்டகம் திமிலில் தண்ணீரைச் சேர்த்து வைப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். திமிலில் இருப்பது கொழுப்பு. நீரைக் காக்கும் வித்தைகளுள் நுட்பமானது அதன் மூக்கில் இருக்கிறது.

அந்த மூக்கினுள் சுருள் சுருளாக மடிந்த மெல்லிய எலும்புகளின்மேல் சவ்வு போர்த்தியிருக்கிறது. இரவில் உள்ளிழுக்கும் குளிர்காற்று அந்தச் சவ்வைக் குளிர்விக்கிறது. நுரையீரலிலிருந்து வெப்பத்தோடும் ஈரத்தோடும் திரும்பும் காற்று அதன்மேல் படும்போது, நம் உணவங்காடியில் ஐஸ் போட்ட பானக் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப்போல, நீரை அங்கேயே விட்டுவிடுகிறது. இதைவிட வியப்பானது இன்னொன்று. பல நாள் தண்ணீர் குடிக்காத ஒட்டகத்தின் நாசிப்பரப்பு, வெளியேறும் மூச்சிலுள்ள நீராவியை உறிஞ்சி வைத்துக்கொண்டு, அடுத்து உள்ளே வரும் காற்றுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கிறது. விலங்கு உடலியல் அறிஞர் க்னுட் ஷ்மிட்-நீல்சனும் உடன் ஆய்வாளர்களும் 1981இல் வெளியிட்ட ஆய்வின்படி, இரவில் வெளிவிடும் மூச்சின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டுக்கு இறங்கக்கூடும். இவ்விரண்டு வழிகளும் சேர்ந்து மூச்சில் இழக்கும் நீரில் 60 விழுக்காடு வரை மிச்சப்படுத்தும்.

பகலில் வெளிக்காற்றே சூடாக இருப்பதால் இம்முறை பலிக்காது. அப்போது தாகத்திலுள்ள ஒட்டகம் வியர்ப்பதைக் குறைத்து, விடியலில் 34 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்த தன் உடல் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் ஏறுவதையும் தாங்கிக்கொள்கிறது.

ஒட்டகத்தைச் சிவபெருமான் படைத்து, அதைப் பேணத் தம் முன்னோரையும் படைத்தார் என்பது, தலைமுறைகளாக அதை மேய்த்துவரும் ராஜஸ்தானின் ரைக்கா சமூகத்தினரின் நம்பிக்கை. ஒட்டகம் விரும்பித் தின்னும் கேஜ்ரி மரம், தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றில் தலமரமாக நிற்கும் நம் வன்னியேதான். குளிர்காலத்தில் பசுந்தழை கிடைத்துவிட்டால், இலையிலுள்ள நீரே ஒட்டகத்துக்கு வாரக்கணக்கில் போதுமானதாக இருக்கும்.