குலாக்: ஆளா, இடமா?

"குலாக்குகளை குலாக்குக்கு அனுப்பினாங்க"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தா அது எழுத்துப்பிழை இல்லங்க, அப்படியே நடந்ததுதான். ரெண்டும் வேற வேற ரஷ்யச் சொல், நம்ம 'க' ஒண்ணே ரெண்டு சத்தத்துக்கும் வேலை பாக்குறதால வந்த வினை.

முதல் குலாக்ல வர்றது குடத்தோட 'கு'. நேர் பொருள் முஷ்டி, மூடின கை. எச்சில் கையால காக்கா ஓட்டாத பணக்கார விவசாயிக்கு ஊர்க்காரங்க வச்ச பேரு, 1930 வாக்குல சோவியத் நாட்டை ஆண்ட ஸ்டாலினோட ஆட்கள் கூட்டுப்பண்ணைக்கு நிலம் தர மறுத்த யாரையும் அந்தப் பேர்ல சேத்துட்டாங்க, ரெண்டு மாடு வச்சிருந்தவன்கூட குலாக்தான்.

ரெண்டாவதுல வர்றது குருவோட 'கு'. இது தனிச்சொல்லா பிறந்தது இல்ல, கைதிகளை அடைச்சு வேலை வாங்கின சோவியத் முகாம்களை நடத்தின 'முகாம்களின் தலைமை நிர்வாகம்'ங்கிற ஆபீஸ் பேரோட சுருக்கம், அவ்ளோதான். 1930ல அந்தப் பேர்ல ஆரம்பிச்சு 1960ல மூடிட்டாங்க. உள்ள கிடந்தவங்க தங்களை 'ஸெக்'னு (கைதி) சொல்லிப்பாங்க, இடத்தை 'லாகெர்'னு (முகாம்) சொல்லுவாங்க.

அப்புறம் ஒரு ஆபீஸ் பேரு எப்படி உலகத்துக்கே தெரிஞ்சுது? அதுக்குக் காரணம் ரஷ்ய எழுத்தாளர் சோல்ஷெனிட்சின். பீரங்கிப்படை கேப்டனா இருந்தவர், நண்பருக்கு எழுதின கடிதத்துல ஸ்டாலினை விமர்சிச்சார்னு 1945 பிப்ரவரில போர்முனையிலயே பிடிச்சு 8 வருஷம் போட்டாங்க, கஜகஸ்தான் முகாம்ல கொத்தனார் வேலையெல்லாம் பாத்திருக்கார். வெளிய வந்த பிறகு 227 பேரோட அனுபவத்தைச் சேர்த்து ரகசியமா எழுதினதுதான் 'குலாக் தீவுக்கூட்டம்'. நாடு முழுக்க முகாம் தீவு தீவா கிடக்கு, பக்கத்துலயே ரயில்ல போறவனுக்கு அது கண்ணுல படாது, அதான் அந்தத் தலைப்பு. 1973ல அதை டைப் பண்ணிக் கொடுத்த ஒரு பெண்மணியை சோவியத் உளவுத்துறை கேஜிபி நாள்கணக்கா விசாரிச்சு ஒரு பிரதியைப் பிடிச்சது, கொஞ்ச நாள்ல அவங்க தூக்குல கிடந்தாங்க. இனி ஒளிச்சு என்ன பண்றதுன்னு அவர் பாரிஸ்ல அச்சடிக்கச் சொல்லிட்டார். 1974 பிப்ரவரில குடியுரிமையைப் பிடுங்கி பிளேன்ல ஏத்தி மேற்கு ஜெர்மனில இறக்கி விட்டாங்க.

சரி, தமிழ்ல என்ன சொல்லலாம்? நிறைய பேர் 'வதைமுகாம்'னு எழுதுறாங்க, எனக்கு அது ஒத்துக்கல. அது நாஜி முகாமைத்தான் ஞாபகப்படுத்துது, இங்க அடிப்படை வேலை வாங்குறது, மரம் வெட்டு, தங்கம் தோண்டு, கால்வாய் வெட்டு, அளவு குறைஞ்சா ரொட்டி குறையும், அதுலயே லட்சக்கணக்குல செத்தாங்க. 'கடுங்காவல்'ல காவல் மட்டும்தான் இருக்கு, வேலை இல்ல. இலங்கை கோர்ட் செய்தில 'கடூழியச் சிறை'ன்னு வரும் பாருங்க, கடும் ஊழியம், கடூழியம். என் ஓட்டு 'கடூழிய முகாம்'க்குத்தான். முதல் குலாக்குக்கு வேணா 'பணக்கார விவசாயி'ன்னே எழுதிடலாம், பாதி குழப்பம் போயிரும்.