சத்தம் வராமல் அழும் குழந்தை: பத்தியச் சோறும் பி1 சத்தும்

வாய் திறந்திருக்கிறது, முகம் சிவந்து நெற்றி சுருங்குகிறது, ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை. வந்தாலும் தகரத்தைத் தரையில் தேய்த்த மாதிரி ஒரு கரகரப்பு. நாலு மாதக் குழந்தை இப்படி அழுதால் பர்மாவின் ரங்கூன், பெகு, மோல்மேன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் "சளி கட்டியிருக்கு" என்று தைலம் தேய்ப்பார்கள். அதற்கும் கேட்காவிட்டால் திருஷ்டி சுற்றிப் போடுவார்கள். காய்ச்சல் இல்லாமல், தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்குக் குரல் கம்மினால், தயமின் என்னும் பி1 சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோயையும் நினைக்க வேண்டும். குரல்வளையை அசைக்கும் நரம்பு பி1 சத்து இல்லாமல் தளர்ந்துபோவதுதான் அந்தக் கம்மல்.

காரணத்தைத் தாயின் தட்டில் தேட வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு நம் வீடுகளில் வெள்ளைச் சோறு, பூண்டு, சுட்ட கருவாடு, மிளகு ரசம். பருப்பும் பயறும் வாயு, காய்கறி குளிர்ச்சி என்று தள்ளிவிடுவார்கள். அக்கம்பக்கத்து பர்மியரின் 'மீத்வின்' என்னும் பிள்ளைப்பேற்றுப் பத்திய வழக்கமும் பல வீடுகளில் கலந்துவிட்டது. நம் பத்தியம் விட்டுவைத்த ஒன்றிரண்டையும் அது கழித்துவிடும்.

கணக்குப் போட்டால் விஷயம் புரியும். பால் கொடுப்பவளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.5 மில்லிகிராம் பி1 வேண்டும். தீட்டிய வெள்ளை அரிசி 100 கிராமில் இருப்பது சுமார் 0.07. அரைக் கிலோ அரிசி சாப்பிட்டாலும் 0.35தான். அதையும் மூன்று தண்ணீர் களைந்து, கஞ்சியை வடித்துக் கொட்டினால் நீரில் கரையும் இந்தச் சத்தில் பெரும்பங்கு சாக்கடைக்குப் போகிறது. உடம்பின் மொத்தச் சேமிப்பே 30 மில்லிகிராம் அளவுதான், இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. இதற்கு மேல் சாப்பிட்ட கையோடு வெற்றிலை பாக்கு, கடுந்தேநீர், லப்பெத் என்னும் புளிக்கவைத்த தேயிலை. மூன்றுமே இருக்கிற பி1ஐயும் உடம்பில் சேரவிடாமல் கெடுப்பவை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1907இல் வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் நடத்திய சோதனையை வெளியிட்டார். வெள்ளை அரிசி தின்றவர்களில் பலருக்குப் பெரிபெரி வந்தது, புழுங்கல் அரிசி தின்றவர்கள் தப்பினார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடும், பிறகு தீட்டினாலும் அவ்வளவாகப் போகாது. நம் பாட்டிமார் சோறு அதுதான். பேத்திகள் பவ்சான் என்னும் பர்மிய வகை வெள்ளை அரிசிக்கு மாறிவிட்டார்கள், பத்தியம் மட்டும் மாறவில்லை.

குரல் கம்முவது பெரும்பாலும் நாலாம் மாதத்துக்கு மேல். அதைவிட அவசரமான வடிவம் இரண்டு மூன்று மாதத்தில் வரும். நேற்றுவரை கொழுகொழுவென்று இருந்த பிள்ளை திடீரென்று வீறிட்டு அழும், பால் கக்கும், மூச்சு வாங்கும், உதடு நீலம் பாயும். இதயம் செயலிழந்து சில மணி நேரத்தில் உயிர் போகலாம். அந்தக் கொழுகொழுப்பிலும் சந்தேகம் வேண்டும்: எடை கூடி, சிறுநீர் குறைந்தால் அது நீர்கோத்த வீக்கம்.

இதை நிமோனியா என்று எழுதிவிடுவதுதான் வழக்கமான தவறு. குழந்தை அமைதியாக இருக்கும்போது முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, அதற்கு மேல் ஒரு வயதுவரை 50 தொட்டால் வேகம். காய்ச்சல் இல்லை, நெஞ்சில் இரைச்சல் இல்லை, மூச்சு மட்டும் வேகம் என்றால் கையை வயிற்றில் வையுங்கள். வலது அடிவயிற்றில் தொடங்கி விரலை மெல்ல மேலே நகர்த்த வேண்டும். விலாவுக்கு அடியிலேயே தொடங்கினால் வீங்கிய ஈரலின் மேலேயே விரல் இருக்கும், விளிம்பு தட்டுப்படாது. விலாவுக்குக் கீழே 2 சென்டிமீட்டருக்கு மேல் ஈரல் இறங்கியிருந்தால் இதயத்தைச் சந்தேகியுங்கள். பிறகு தாயைக் கேளுங்கள்: பாதம் மரக்கிறதா, குந்தி எழ முடிகிறதா, என்ன சாப்பிடுகிறாள்?

அடுத்த தவறு டிரிப். வாந்தி எடுக்கிறதே என்று சலைனை வேகமாக ஏற்றினால் ஏற்கெனவே திணறும் இதயம் மூழ்கிவிடும். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவதும் ஆபத்து. குளுக்கோஸை எரிக்கவே தயமின் வேண்டும், அது இல்லாத உடம்பில் லாக்டிக் அமிலம்தான் பெருகும்.

இதயம் தளர்ந்த குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 25 முதல் 50 மில்லிகிராம் தயமின், நரம்பு வழியாக மிக மெதுவாக. பின் ஒரு வாரம் தினம் 10 மில்லிகிராம் தசையில், அதன்பின் குறைந்தது ஆறு வாரம் வாய்வழி 3 முதல் 5 மில்லிகிராம். மருத்துவர் உத்தரவோடுதான் போட வேண்டும். ஆம்பூலில் ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று படித்துவிட்டு மருந்தை உறிஞ்சுங்கள். அபூர்வமாக ஒவ்வாமை வரும், அட்ரினலின் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தசையில் போடுவது தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில், புட்டத்தில் கூடாது. மருந்துக்கடையில் பெரியவர்களுக்குப் போடும் சிவப்பு பி1-பி6-பி12 கலவை ஊசி கைக்குழந்தைக்கு வேண்டாம், சிலவற்றில் மரப்பு மருந்தும் கலந்திருக்கும்.

தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லி மாமியார்கள் கிளம்புவார்கள். நிறுத்த வேண்டியதில்லை, அதே நாளில் தாய்க்கும் தயமின் தொடங்கினால் சில நாளில் பால் தேறிவிடும். மியன்மாவில் கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பேறுக்குப் பின் மூன்று மாதம்வரை தினம் 10 மில்லிகிராம் பி1 மாத்திரை கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. "மாத்திரை சூடு" என்று அது அலமாரி டப்பாவில் கிடந்தால் பயனில்லை. சயாமா (மருத்துவச்சி) வீட்டுக்கு வரும்போது டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்ப்பது நல்லது.

பத்தியத்தோடு சண்டை போட வேண்டாம், அதற்குள்ளேயே இடம் இருக்கிறது. பாசிப்பயற்றை வறுத்து, பூண்டும் சீரகமும் சேர்த்து வேகவைத்தால் வாயு பயம் பாதி தீரும். 50 கிராம் பயற்றில் சுமார் 0.3 மில்லிகிராம் பி1. எள்ளுருண்டை, வேர்க்கடலை, தெருவில் விற்கும் பேபியோ என்னும் வேகவைத்த பயறு எல்லாம் சரி. சோடா உப்புப் போட்டு மட்டும் வேகவைக்காதீர்கள், பி1 அழிந்துவிடும். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தாலே கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

ஊசி போட்ட சில மணி நேரத்தில் மூச்சு தணியும், குழந்தை பாலுக்கு வாய் வைக்கும். குரல் அவ்வளவு சீக்கிரம் வராது, வாரக்கணக்கில் ஆகலாம். இதை வீட்டுக்கு அனுப்பும்போதே தாயிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று ஆறு வார மருந்தை மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள்.