தடிப்படலம்: தலைமுடியைவிட மெலிந்ததற்கு ஏன் இந்தப் பெயர்?

மின்சுற்றில் மின்னோட்டத்தைத் தடுக்கும் படலமான 'திக் ஃபிலிம் ரெசிஸ்டர்' தமிழில் தடிப்படல மின்தடையம். சுட்டெடுத்த பின் அந்தப் படலத்தின் தடிமன் 10 முதல் 15 மைக்ரோமீட்டர்தான். தலைமுடிகூட இதைவிடத் தடிப்பு. வெற்றிடத்தில் படியவைக்கும் மென்படலம் பெரும்பாலும் 1 மைக்ரோமீட்டருக்கும் குறைவு; அதற்கு எதிராக வைத்த பெயர் இது. இன்று 'தடி' அளவைச் சொல்வதில்லை, செய்முறையைச் சொல்கிறது: திரை அச்சில் அடித்துச் சூளையில் சுட்டது.

'ஃபிலிம்' பழைய ஆங்கிலத்தில் சவ்வு. நம் 'படலம்' கண்ணை மறைக்கும் சவ்வையும் குறிக்கும் என்பதால் நன்றாகவே பொருந்துகிறது. இத்தகைய தடையங்கள் உள்ள 'ஹைப்ரிட் சர்க்யூட்' என்பதன் 'ஹைப்ரிட்' லத்தீனில் காட்டுப்பன்றிக்கும் வீட்டுப்பன்றிக்கும் பிறந்த குட்டி. அதற்காக 'கலப்பினச் சுற்று' என்பானேன்? சுற்றுக்கு ஏது இனம்! அச்சிட்ட தடையங்களும் தனியே பொருத்திய சில்லுகளும் ஒரே அலுமினாப் பீங்கான் தட்டில் இருப்பதைச் சொல்லக் 'கலப்புச் சுற்று' போதும்.

திரை வழியே அச்சிடும் 'பேஸ்ட்' என்பதைப் பசை என்றால் ஒட்டுவதற்கானது என்று தோன்றும். களிம்பு என்பதே சரி. ருத்தேனியம் ஆக்சைடு அல்லது ருத்தேனேட் துகள், கண்ணாடித் தூள், டெர்பினியால் என்ற கரைப்பானில் கரைத்த எத்தில் செல்லுலோஸ் ஆகியவை சேர்ந்தது அது. அச்சிட்டபின் திரையின் வலைத்தடம் மறைய 5 முதல் 10 நிமிடம் விட்டு, 150 டிகிரி செல்சியஸில் 10 முதல் 15 நிமிடம் உலர்த்தி, 850 டிகிரி உச்சத்தில் 10 நிமிடம் சுடுவது வழக்கம். உலர்த்துவதில் அவசரப்பட்டால் மிஞ்சிய கரைப்பான் சூளையில் கொப்புளமாகக் கிளம்பும்.

கடத்தும் துகள் கூடினால் தடை இறங்கும், வெப்பக் கெழு (வெப்பநிலையோடு தடை மாறும் வீதம்) நேர்மறைப் பக்கம் சாயும். குறைந்தால் தடை ஏறும், கெழு எதிர்மறைக்குப் போகும், மின் இரைச்சலும் கூடும். ஒரே வரிசையைச் சேர்ந்த 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் களிம்புகளைச் சம எடையில் கலந்தால் 5.5 கிடைக்காது, ஏறத்தாழ 3.2 கிலோ ஓம் கிடைக்கும், ஏனெனில் இங்கே சராசரி மடக்கையில் நடக்கிறது. கலவையைச் சுட்டு அளந்த பிறகே எடையைத் திருத்த வேண்டும்.

இந்த எண்கள் 'ஷீட் ரெசிஸ்டன்ஸ்', அதாவது ஒரு சதுரத்துக்கான ஓம். தகட்டுத்தடை என்பதைவிடப் படலத்தடை தெளிவு. 10 கிலோ ஓம் களிம்பில் 1 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் நீளம் அடித்தால் மூன்று சதுரம், 30 கிலோ ஓம்.

சுட்ட தடையத்தை லேசரால் வெட்டி இலக்குத் தடைக்குக் கொண்டுவரும் 'டிரிம்மிங்' என்பதற்குத் 'திருத்தல்' ஒவ்வாது; இரு பக்கமும் திருத்தலாம் என்று நினைக்கவைக்கும். லேசர் வெட்டு மின்பாதையைக் குறுக்குவதால் தடை ஏறத்தான் செய்யும். அதனால்தான் இலக்கைவிட 20 முதல் 30 விழுக்காடு குறைவாகவே அச்சிடுகிறார்கள். 'சீவல்' என்று சொல்லலாம்: சீவியது மீண்டும் வளராது.