உள்ளே அடைத்துக்கொள்ளும் பிரேக் ஹோஸ்

செங்கோட்டைக் கணவாய் இறங்கி வந்த காரில் ஒரு முன்சக்கரம் மட்டும் கை வைக்க முடியாமல் கொதிக்கிறது, வண்டியும் அந்தப் பக்கமாகவே இழுக்கிறது என்றால், பழி முதலில் விழுவது, பேடுகளால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் மேல். கேலிப்பரை மாற்றிய பிறகும் அதே சூடு திரும்ப வந்தால், அதற்கு ஒரு சாண் மேலே, பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத கருப்பு ரப்பர் ஹோஸைச் சந்தேகப்பட வேண்டும்.

பெடலை மிதித்ததும் அழுத்தம் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் பெரும்பாலும் இரும்புக் குழாயில்தான் ஓடுகிறது. ஆனால் சக்கரம் மேலும் கீழும் ஆடும், முன்சக்கரம் ஸ்டியரிங்கோடு திரும்பவும் செய்யும். அந்த ஆட்டத்தில் இரும்பு ஒடிந்துவிடும் என்பதால் கடைசித் துண்டுக்கு ரப்பர் ஹோஸ். சுண்டுவிரல் பருமன் தெரிந்தாலும் உள்துளை சுமார் 3 மி.மீ. தான். உள்ளே ஈ.பி.டி.எம். ரப்பர் குழாய், நடுவே நூல் பின்னல், வெளியே ரப்பர் உறை. அழுத்தத்தைத் தாங்குவது நடுவில் இருக்கும் பின்னல். பலமாக மிதித்தால் சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ அழுத்தம் சாதாரணமாக வரும், 51 மி.மீ. விட்டமுள்ள கேலிப்பர் பிஸ்டனில் அது சுமார் 1,400 கிலோ விசையாகிறது.

போகும்போது இவ்வளவு விசை. திரும்பும்போது? பெடலை விட்டதும் அழுத்தம் சட்டென இறங்கிவிடும். அதன்பின் பிஸ்டனைப் பின்னால் இழுப்பது அதைச் சுற்றியுள்ள, சதுர வெட்டு கொண்ட ரப்பர் வளையமான சீல் மட்டுமே. மிதிக்கும்போது வளைந்த அந்தச் சீல் நிமிரும்போது பிஸ்டன் மயிரிழை அளவு பின்வாங்கும். அவ்வளவுதான் திரும்பும் பலம். இந்த இடத்தில்தான் பழைய ஹோஸ் காலை வாருகிறது. உள்சுவர் உரிந்து ஒரு நாக்கு போலத் தொங்கினால், கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வு மாதிரி ஆகிவிடும்: 70 கிலோ அழுத்தத்துக்கு வழி விடும், சீலின் மெல்லிய தள்ளலுக்கு விடாது. ஆயில் கேலிப்பரில் சிறைப்படுகிறது, பேடு டிஸ்க்கை விடுவதில்லை.

கண்டுபிடிக்கும் வழி எளிது. சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, பிரேக்கை மிதித்து விடுங்கள். சக்கரம் இறுக்கமாகவே இருந்தால், ஹோஸின் மேல்முனையில் இரும்புக் குழாய் சேரும் நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். அப்போதே சக்கரம் விடுபட்டால் கோளாறு மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். அதற்கும் அசையாமல், கேலிப்பரின் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் சிறு திருகு) திறந்ததும் விடுபட்டால் குற்றவாளி ஹோஸ். நிப்பிளுக்கும் அசையவில்லையென்றால் பிஸ்டனோ, கேலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னோ பிடித்திருக்கிறது. பொலேரோ போல ஒற்றைப் பின் ஆக்ஸில் உள்ள வண்டிகளில் சேஸிஸிலிருந்து ஆக்ஸிலுக்கு ஒரே ஹோஸ் இறங்கும். அது அடைத்தால் பின்சக்கரம் இரண்டும் சேர்ந்தே பிடிக்கும்.

எதிர்க்கோளாறும் உண்டு. பின்னல் தளர்ந்த ஹோஸ் அழுத்தத்தில் உப்பும். பெடல் பஞ்சாக அமுங்கும். எஞ்சினை ஓட விட்டு ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் ஹோஸை விரலால் பிடித்தால் உப்புவது தெரியும். வெளியே வெடிப்பு, எண்ணெய்க் கசிவு, டயர் உரசிய தடம் இருந்தால் வேறு சோதனையே வேண்டாம், மாற்றுங்கள்.

ஹோஸைக் கெடுப்பதில் நம் கைக்கும் பங்கு உண்டு. பேடு மாற்றும்போது கேலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிடுவதும், ஆயில் வழியாமல் இருக்க ஹோஸைக் கட்டிங் பிளேயரால் நெரிப்பதும் உள்சுவரைக் கிழிக்கும். கேலிப்பரைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஆயில் என்ற பெயரே ஓர் ஆபத்து. அது ஆயில் அல்ல, கிளைக்கால் வகைத் திரவம். அதில் எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ கலந்தால் ஹோஸும் சீல்களும் ஊறி உப்பிவிடும். அத்தனை ரப்பரையும் மாற்ற வேண்டிவரும்.

மாற்றுவதற்கு ஹோஸை ஜோடியாக வாங்குங்கள். பழையதோடு நீளத்தையும் முனை வளைவையும் வைத்துப் பாருங்கள். இடது வலது வேறாக இருக்கலாம். ஹோஸைக் கேலிப்பரோடு சேர்க்கும், உள்ளே துளையுள்ள ஒவ்வொரு பேஞ்சோ போல்ட்டுக்கும் இரண்டு புதுக் காப்பர் வாஷர், டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில் (அதன் டேங்க் மூடியில் எது எழுதியிருக்கிறதோ அது) ஒரு லிட்டர், நிப்பிளுக்குப் பொருந்தும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஆகியவையும் தேவை. உவரி, திருச்செந்தூர் என்று கடற்கரை ஓரம் ஓடும் வண்டியில் குழாய் நட்டு உப்புத் துருவில் பிடித்திருக்கும். முந்தின இரவே துரு இளக்கும் ஆயிலை அடித்து வையுங்கள். சாதாரண ஸ்பானர் நட்டின் முனைகளை வழித்துவிடும். நட்டைச் சுற்றிலும் கவ்வும் ஃபிளேர் நட் ஸ்பானர்தான் சரி. நட்டோடு இரும்புக் குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொண்டால் நிறுத்துங்கள், இல்லையென்றால் குழாயையும் மாற்ற நேரிடும்.

கழற்றும் முன் பெடலை ஓர் அங்குலம் அமுக்கி, சீட்டுக்கு முட்டுக் கொடுத்து ஒரு கம்பை வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் துளை மூடிக்கொள்வதால் ஆயில் வடியாது. பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் டேங்க் காலியாகி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் காற்று போனால், பல வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமல் அதை எடுக்க முடியாது.

புது ஹோஸின் மேல்முனையை முதலில் மாட்டி யு கிளிப் போடுங்கள். அடுத்து கீழே பேஞ்சோ போல்ட்: வாஷர் ஒன்று போல்ட் தலைக்கு அடியில், இன்னொன்று கேலிப்பர் பக்கம். காப்பர் ஒரு முறை நசுங்கினால் இறுகிவிடும், அதனால் பழையது கசியும். பல சிறு கார்களில் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். உங்கள் வண்டியின் கையேட்டு அளவே முடிவானது. ஹோஸ் முறுக்கேறாமல் இருக்க அதன்மேல் அச்சிட்ட கோடு நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங்கை இரண்டு கடைசிக்கும் திருப்பி, எங்கும் உரசாததை உறுதி செய்யுங்கள்.

அடுத்தது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றும் வேலை. ஏர் எடுக்கும் வரிசையைக் கையேட்டில் பாருங்கள். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடதிலிருந்து தொடங்குவார்கள். மிதி, பிடி, நிப்பிளைத் திற, மூடு, பெடலை விடு. மூடுமுன் பெடலை விட்டால் காற்று உள்ளே ஏறும். பழைய வண்டியில் பெடலைத் தரை வரை அழுத்தாதீர்கள். சிலிண்டரின் துருப்பிடித்த பகுதியில் சீல் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்கும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த அளவு 140க்கு இறங்கிவிடலாம். பிடித்துக்கொண்ட சக்கரத்தோடு மலை இறங்கினால் அந்தச் சூட்டை எட்டுவது கஷ்டமல்ல, ஆவி சேர்ந்து பெடல் வெறுமனே போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால், அன்றிலிருந்து மாற்றாத ஆயிலையும் ஹோஸையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

வேலை முடிந்ததும் எஞ்சினை ஓட விட்டு ஒரு நிமிடம் பெடலை அழுத்திப் பிடித்து, இணைப்புகளில் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். காலி ரோட்டில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, மறுநாள் காலை அதே இடங்களை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.