‘வந்துட்டேன் சார்’: ஆங்கிலத்தில் காலம் தவறும் இடங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் நான் நடத்தும் ஆங்கில வகுப்பு மாலை ஆறரை மணிக்கு. ஆறே முக்கால் ஆகியும் ஆளைக் காணோமே என்று போன் போட்டால், “இதோ வந்துட்டேன் சார்” என்று பதில் வரும். பின்னால் கிரீன் சர்க்கிள் பஸ்களின் ஹாரன் சத்தம். வந்து சேர இன்னும் கால் மணி நேரமாவது ஆகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அவசரத்தில் காலம் மாற்றிச் சொல்வதற்கு நன்னூலிலேயே பவணந்தி முனிவர் இடம் கொடுத்திருக்கிறார். காலவழுவமைதி என்று பள்ளியில் படித்ததுதான்.

அதே மனிதர் அதே பழக்கத்தில் ‘ஐ ஹேவ் ரீச்ட்’ என்று ஒரு வெளிநாட்டு பையருக்கு, அதாவது சரக்கு வாங்க வருகிறவருக்கு, மெசேஜ் தட்டினால்தான் வம்பு. ஆம்பூர் ஷூ கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் என் மாணவர் ஒருவர் அப்படித்தான் அனுப்பினார். பையர் காட்பாடி ஸ்டேஷன் வாசலுக்கு வந்து அரை மணி நேரம் தேடியிருக்கிறார். நம் ஆளோ அப்போதுதான் பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

பதினான்கு வருஷமாக வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். நர்ஸுகள், ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளின் ஆபீஸ் பணியாளர்கள், பேங்க்கில் புதிதாகச் சேர்ந்தவர்கள். பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையைக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அப்படியும் மெயிலில் தப்பு வருகிறது. நாம் தமிழில் யோசிக்கிறோம், தமிழ் வினையின் வாலைப் பிடித்துக்கொண்டே ஆங்கிலத்துக்குள் போய்விடுகிறோம். அட்டவணை அங்கே துணைக்கு வருவதில்லை.

‘நேற்று உங்க ஆபீஸுக்கு வந்திருந்தேன், நீங்க இல்லை.’ தமிழில் இது ரொம்ப மரியாதையான, இயல்பான பேச்சு. அந்த ‘இருந்தேன்’ அப்படியே ‘ஹேட்’ ஆகிவிடுகிறது: ‘ஐ ஹேட் கம் டு யுவர் ஆபீஸ் யெஸ்டர்டே.’ நம் ஊர் ஆபீஸ்களில் இது புழங்கிப் புழங்கி யாருக்கும் உறுத்துவதில்லை. ஆனால் ‘வி ஹேட் சென்ட் தி சாம்பிள் ஆன் மண்டே’ என்று எழுதினால் வெளியூர்க்காரர் அடுத்த வரிக்குக் காத்திருப்பார். திங்கள்கிழமை அனுப்பியிருந்தீர்கள், சரி, அப்புறம் என்ன ஆச்சு? திரும்பி வந்துவிட்டதா? ‘வி சென்ட்’ என்று நிறுத்தியிருந்தால் போதும். கிழமையோ தேதியோ சொல்லிவிட்டாலே அந்த நேரம் முடிந்துபோனது. அங்கே ‘ஹேட்’டும் வேண்டாம், ‘ஹேவ்’வும் வேண்டாம்.

அப்படியானால் ‘ஹேட்’ எப்போதுதான் வரும் என்று கேட்பார்கள். வேலூர் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலைத்தான் நான் காட்டுவேன். பல நூறு வருஷம் மூலவர் இல்லாமலே கிடந்த கோயில் அது. 1981ல்தான் லிங்கம் திரும்பி வந்து மறுபடி பூஜை தொடங்கியது. அந்த 1981ல் போய் நின்றுகொண்டு இன்னும் பின்னால் திரும்பிப் பார்த்தால் வருவதுதான் ‘ஹேட்’: ‘வென் தி லிங்கம் கேம் பேக் இன் 1981, தி டெம்பிள் ஹேட் பீன் வித்அவுட் வர்ஷிப் ஃபார் செஞ்சுரீஸ்.’ நிற்க ஒரு பழைய இடம், பார்க்க அதற்கும் பழைய இடம் என்று இரண்டும் இருந்தால்தான் ‘ஹேட்’டுக்கு வேலை. ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்ல அது தேவையில்லை.

‘லிருந்து’ என்பது இன்னொரு வழுக்கல். ‘2018லிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்.’ தமிழுக்கு நிகழ்காலமே போதும் என்பதால் ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2018’ என்று எழுதிவிடுகிறோம். அன்று தொடங்கி இன்று வரை நீள்வதற்கு ஆங்கிலம் ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’ கேட்கும். ராணிப்பேட்டையை வைத்துச் சொன்னால் வகுப்பில் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது 2019ல். அது ஒருநாள் நடந்து முடிந்த காரியம் என்பதால் ‘ராணிப்பேட் பிகேம் எ டிஸ்ட்ரிக்ட் இன் 2019.’ மாவட்டமாக இருப்பதோ இன்றும் தொடர்கிறது என்பதால் ‘இட் ஹேஸ் பீன் எ டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 2019.’ ஊரும் ஒன்று, வருஷமும் ஒன்று, கேள்விதான் வேறு.

தினமும் செய்கிற காரியத்துக்கு ‘வில்’ போடுவதும் தமிழ் கொடுத்த பழக்கம்தான். ‘காலையில அஞ்சு மணிக்கெல்லாம் எழுந்துடுவேன், கோட்டையைச் சுத்தி வாக்கிங் போவேன்’ என்று சொல்கிறோம் இல்லையா, அந்த ‘வேன்’. ஆங்கிலத்தில் ‘ஐ வில் கெட் அப்’ என்றால் இனிமேல்தான் எழப்போகிறார் என்று அர்த்தமாகிவிடும். ‘ஐ கெட் அப்’ போதும்.

கொஞ்சம் நின்று பேச வேண்டியது நர்ஸுகளின் கடிதத்தைப் பற்றி. வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி என்ற மருத்துவத்துறை ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்கள் வேலூரில் நிறைய. அதில் எழுத்துத் தேர்வு 45 நிமிஷம். முதல் 5 நிமிஷம் படிக்க மட்டும், மீதியில் 180லிருந்து 200 வார்த்தைக்குள் ஒரு கடிதம். நோயாளியைப் பற்றிய குறிப்புகளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அவை பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் இருக்கும். தேதி இருக்கும், மருந்தின் பெயர் இருக்கும், முழு வினை இருக்காது. எந்தக் காலம் என்பதை எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு நர்ஸுக்குப் பயிற்சிக்காக நான் எழுதிக்கொடுத்த குறிப்பு இது: ஆண், வயது 62. சர்க்கரை நோய், 2011 முதல். மெட்ஃபார்மின், தினம் இரண்டு வேளை. புகைப்பழக்கம், 2015ல் நிறுத்தம். காய்ச்சல், 3 நாள்.

அவர் எழுதியது: ‘ஹி ஹேட் டயாபடிஸ் சின்ஸ் 2011. ஹி டுக் மெட்ஃபார்மின். ஹி ஹேஸ் ஸ்டாப்ட் ஸ்மோக்கிங் இன் 2015. ஹி ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்.’

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் நாலு வாக்கியத்திலும் காலம் இடறுகிறது.

“ஏம்மா, இவருக்கு இப்ப ஜுரம் இருக்குதா, இல்லையா?”

“இருக்குது சார். அதுக்குத்தானே டாக்டருக்கு அனுப்புறோம்?”

“நீ எழுதினதைப் படிச்சா விட்டுப்போச்சுன்னு இருக்குதே.”

கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ‘ஹேஸ் ஹேட் ஃபீவர்’ என்று திருத்திவிட்டு, “ரெண்டு ஹேவ் பக்கத்து பக்கத்துல வருதே, தப்பு மாதிரி இருக்குது சார்” என்றார். இந்தத் தயக்கம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் உண்டு. முதல் ‘ஹேஸ்’ துணைக்கு வந்தது, இரண்டாவது ‘ஹேட்’தான் ‘காய்ச்சல் இருக்கிறது’ என்பதைச் சொல்கிறது. காதுக்குப் பழகாததால் மட்டும் ஒன்று தப்பாகிவிடாது. சர்க்கரைக்கும் அதே கதை, ‘ஹேஸ் ஹேட் டயாபடிஸ் சின்ஸ் 2011.’ புகையை விட்ட வருஷம் தெரிகிறது, அதனால் ‘ஹி ஸ்டாப்ட்’. மெட்ஃபார்மின் இன்றும் சாப்பிடுகிறார், அதனால் ‘ஹி டேக்ஸ்’.

இந்த நாலில் எனக்குப் பயம் தருவது மாத்திரைதான். ‘டுக்’ என்று படிக்கும் டாக்டர், மருந்தை நிறுத்திவிட்டார்கள் என்று நினைக்க நியாயம் இருக்கிறது. வார்டில் ஷிஃப்ட் மாறும்போது நேரில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளலாம். கடிதம் தனியாகப் பயணம் போகிறது, கூடப் போய் விளக்கம் சொல்ல ஆள் இல்லை. அதனால் இந்த மாதிரி கடிதத்தில் ஒவ்வொரு வினைக்கு முன்னாலும் ‘இது இன்றைக்கும் உண்டா?’ என்று தமிழிலேயே கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன். உண்டு என்றால் வெறும் இறந்தகாலம் வரக்கூடாது. அட்டவணையை எடுப்பதற்கு முன் இந்த ஒரு கேள்வி. அந்த நர்ஸ் இப்போது குறிப்புத் தாளில் பென்சிலால் ‘உ’, ‘மு’ என்று குறித்துக்கொண்டுதான் எழுத ஆரம்பிக்கிறார். உண்டு, முடிந்தது. நான் சொல்லிக்கொடுத்ததைவிட நல்ல வழி.

ஊருக்கெல்லாம் சொல்கிற நானே ஏமாந்த கதை ஒன்று உண்டு. முன்பு பார்த்த வேலையை விட்டபோது கொடுத்த அனுபவச் சான்றிதழை, கவரைப் பிரிக்காமலே அடுத்த இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். “நீங்க இன்னும் அங்கதான் வேலை பாக்கிறீங்களா?” என்று கேட்டார்கள். வாங்கிப் பார்த்தால் ‘இஸ் வொர்க்கிங் வித் அஸ்’. பழைய ஆபீஸுக்கு ஓடினேன். “கம்ப்யூட்டர்ல இருக்கிற ஃபார்மட் சார், எல்லாருக்கும் இதையேதான் தர்றோம்” என்றார் கிளார்க். இரண்டாம் முறை வந்த கடிதத்தில் ‘ஹேஸ் வொர்க்ட் ஃப்ரம் 2006 டு 2010’ என்று இருந்தது. தொடக்கமும் முடிவும் போட்ட பிறகு ‘ஹேஸ்’ எதற்கு? மூன்றாம் முறை நானே அவர் பக்கத்தில் உட்கார்ந்து ‘வொர்க்ட்’ என்று அடித்துக்கொடுத்தேன். மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.